வாரண்டி எத்தனை வருஷம்? தப்பான கேள்வி!

மிக்ஸி வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "வாரண்டி எத்தனை வருஷம்?" கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்பது என் கட்சி. "இதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எத்தனை வருஷம் கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

பி.காம். படிப்பதால் கிடைத்த சில லாபங்களில் ஒன்று, வாரண்டி என்பது கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் என்னவாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டது. கணக்கியல் தரநிலை 29-ஐ நடத்தும்போது எந்த வாத்தியாரும் முதலில் சொல்லும் உதாரணம் வாரண்டிதான். விற்ற பொருட்களில் எத்தனை பழுதாகித் திரும்பி வரும், அதற்கு என்ன செலவாகும் என்று மதிப்பிட்டு, விற்ற வருடமே அந்தத் தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆக, வாரண்டி யாரும் தருகிற சலுகை அல்ல. அந்தச் செலவும் நாம் கொடுத்த விலைக்குள்தான் இருக்கிறது. வாரண்டி காலம் முடிந்ததும் மீதமுள்ள ஒதுக்கீட்டைத் திருப்பி எழுதிவிடுவார்கள். புத்தகத்தைப் பொறுத்தவரை அந்த மிக்ஸிக்குக் கருமாதி முடிந்துவிட்டது. அது நம் வீட்டில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும் :-)

சரி, மிக்ஸியில் முதலில் போவது எது? ஜாடிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் கப்ளர். அதை வேண்டுமென்றேதான் மெத்தென்று செய்கிறார்கள். பிளேடு எதிலாவது சிக்கினால் கப்ளர் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். அடுத்து ஜாடியின் அடியிலிருக்கும் புஷ், மூடியின் ரப்பர், மோட்டாருக்குள் தேய்ந்துகொண்டே வரும் கார்பன் பிரஷ். எல்லாம் சின்னச் சின்னச் சாமான்கள். பல வாரண்டி கார்டுகளில் "தேய்மானத்துக்கு உட்பட்ட பாகங்களுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் இருக்கும். மோட்டாருக்கு மட்டும் 5 வருடம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அவ்வளவு சீக்கிரம் போகாததற்கு நீண்ட வாரண்டி, கட்டாயம் போகப்போவதற்கு ஒன்றுமில்லை!

எங்கள் வீட்டு மிக்ஸியின் பெரிய ஜாடியில் புஷ் போனது. மோட்டார் சிங்கம் மாதிரி இருந்தது. சர்வீஸ் சென்டரில், "அந்த மாடல் நின்னு போச்சு சார், எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள். சில ரூபாய்ச் சாமான் இல்லாததற்காக நல்ல மோட்டாரைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டும். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது வேறு கம்பெனி ஜாடி ஒன்று கொஞ்சம் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது.

பழைய பொருளுக்குப் பாகம் கிடைக்காது என்பது இயற்கை விதி ஒன்றும் இல்லை. குக்கரைப் பாருங்கள். கேஸ்கட், சேஃப்டி வால்வு, வெயிட் எல்லாம் எந்த ஊர்ப் பாத்திரக்கடையிலும் கிடைக்கும். காரணம், அளவுகள் சில. அவையும் வருஷத்துக்கு வருஷம் மாறுவதில்லை. அதற்கும் முன்னால் ஆட்டுக்கல்லுக்கு ஸ்பேரே தேவைப்படவில்லை. தேய்ந்தால் தெருவில் வருகிறவரைக் கூப்பிட்டுக் கொத்தித் தரச் சொன்னால் போதும்.

சுமீத் மிக்ஸி பிறந்த கதையும் இதுதான். ஜெர்மன் கம்பெனியான பிரானின் மிக்ஸி மாதுரி மாத்தூர் என்பவரின் வீட்டில் பழுதானது. இங்கே சரிசெய்ய வழியில்லை. இன்ஜினியரான கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் நம் ஊர் அரவைக்குத் தாங்கும் மிக்ஸியைத் தானே செய்யக் கிளம்பினார். நாமெல்லாம் ஆளுக்கொரு மிக்ஸி கம்பெனி தொடங்க முடியுமா?

கம்பெனிகள் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். நின்றுபோன மாடலுக்கெல்லாம் பாகம் வைத்திருந்தால் குடோன் வாடகை ஆகும், முதல் முடங்கும். உண்மைதான். ஆனால் வருஷத்துக்கு நாலு மாடல் விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்ளர் அளவு வைப்பது யார் செய்த முடிவு? அந்தச் செலவை மட்டும் ஏன் நம் தலையில் கட்ட வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் இதற்கு விதி இருக்கிறது. வாஷிங் மெஷினின் முக்கியப் பாகங்கள் அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் 10 வருடம் கிடைக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குக் குறைந்தது 7 வருடம். கேட்ட பாகத்தை 15 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். அங்கே கம்பெனிகள் மூடிக்கொண்டு ஓடிவிடவில்லை.

நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் சர்வீஸ், வாரண்டி விவரங்களை அதில் தரலாம். நல்ல தொடக்கம்தான். ஆனால் விவரம் இருந்து பாகம் இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நிறைவேற நியாயமான வாய்ப்பில்லாத வாரண்டியை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அது வாரண்டி காலத்துக்குத்தான் உதவும். அதற்குப் பிந்தைய வருடங்களுக்கு யார் பொறுப்பு?

என் கோரிக்கை சின்னது. எம்.ஆர்.பி. அச்சிடுகிற மாதிரி "இந்த வருடம் வரை பாகங்கள் கிடைக்கும்" என்று பெட்டி மேலே அச்சிடச் சொல்லிச் சட்டம் வேண்டும். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்கலாம். போட்டி தானாக வரும்.

2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கிய வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். "எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க" என்பதை அந்த வீடுகளில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சட்டம் வரும்வரை நம்மால் முடிந்தது: பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டி கார்டில் கடை முத்திரை வாங்குங்கள், மாடல் நம்பரைக் குறித்து வையுங்கள். புது மிக்ஸி வாங்கும் அன்றே கூடுதலாக இரண்டு கப்ளரும் ஒரு புஷ்ஷும் கேளுங்கள். அன்றைக்கே "ஸ்டாக் இல்லை" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.