குடவோலைப் பானைக்குள்ள யார் பேரு இருந்துச்சு?

குடவோலையைக் காட்டி 'ஜனநாயகத்தின் தாய்'னு டெல்லியிலிருந்து பாடம் எடுக்கறவங்களே, உத்திரமேரூர் கல்வெட்டை முழுசா படிச்சீங்களா?

கி.பி. 921, முதலாம் பராந்தகன் காலம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்லயே இருக்கு: வயசு 35 முதல் 70. கால் வேலிக்கு மேல் வரி நிலம். சொந்த மனையில் வீடு. வேத அறிவு. வேதம் கூடுதலா கத்திருந்தா அரைக்கால் வேலியே போதும்!

இது சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர் சபை. மன்னன் ஆணைப்படி, அவன் அதிகாரி உடனிருந்து போட்ட விதி. மன்னன் நிலம் கொடுத்தான். வேதியர் அவன் அரியணைக்குப் புனிதம் கொடுத்தாங்க. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் ஓலை இல்ல.

கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் பதவிக்கு வரக்கூடாதுங்கிற விதிக்கு மட்டும் சல்யூட். அதைப் பேசுங்க பார்ப்போம்!

18 வயசானா எல்லாருக்கும் ஓட்டு, உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம். இது பானையிலிருந்து வரல நண்பா, போராடி வாங்கினது. ஷேர் பண்ணுங்க.

#உத்திரமேரூர்