கம்பெனி மாறும், கூலி மாறாது

தொழில் மாறினால் நிர்வாகமும் மாறும் என்கிறது மேலாண்மைப் பாடம். யாருக்காக மாறுகிறது? மஞ்சோலையைப் பாருங்கள் தோழர்களே.

1863இல் பர்மா தேக்கில் தொடங்கிய பாம்பே பர்மா கம்பெனி, 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. கங்காணிகளை வைத்து ஆள் சேர்த்தது. இன்று அது வாடியா குழுமத்தில், பிரிட்டானியா பங்குகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம். தேக்கு, தேயிலை, பங்கு என்று கம்பெனி உருமாறியது. கொழுந்து பறித்தவர்கள் மட்டும் தலைமுறைகளாகப் பெரும்பாலும் நம் மக்கள்.

கூலி உயர்வும், சிறைப்பட்டவர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23இல் நெல்லையில் ஊர்வலம் போனோம். போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின.

2028இல்தான் குத்தகை முடிகிறது. 2024லேயே 'விருப்ப ஓய்வு' என்று காகிதம் நீட்டினார்கள். யாருடைய விருப்பம்? கம்பெனிக்கு வேறு தொழில் உண்டு. நமக்கு அந்த லயன் வீட்டுக்குக்கூட பட்டா இல்லை.

பணிக்கொடைக் கணக்கோடு இதை முடிக்க விடமாட்டோம். நிலம் கேட்போம்.