சட்டத்தைப் பெற்றவர் யார்?

சட்டம் எங்கிருந்து ஐயா பிறக்கிறது என்று ஒரு வைதீகரைக் கேட்டால் அவர் மனுவைக் காட்டுவார்; மனுவைக் கேட்டால் பிரம்மாவைக் காட்டுவார். ஐரோப்பாவில் பாதிரியாரைக் கேட்டால் போப்பைக் காட்டுவார். போப்போ பரமண்டலத்தைக் காட்டுவார். இப்படி ஆகாயத்தைக் காட்டாமல், சட்டம் ஜனங்களிடமிருந்தே பிறக்கிறது என்று ஒரு தேசத்து அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே ஏறும்படியான வேலையில் பெரும் பங்கெடுத்துக்கொண்ட ஒரு பேராசிரியருக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.

அவர் பெயர் ஹான்ஸ் கெல்சன். 1881 இல் பிராக் நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர். தகப்பனார் விளக்கு வியாபாரி. அக்காலத்து ஆஸ்திரியாவில் ஒரு யூதன் சர்வகலாசாலையில் உத்தியோகம் பெறுவதென்றால் குதிரைக்கொம்புதான். ஆகவே 1905 இல் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார். 1912 இல் லூதரன் சபைக்கு மாறினார். இந்தக் காரியத்தை நாம் மெச்சவில்லை. ஆனால் படித்தவன் வயிற்றுப்பாட்டுக்காக மதம் மாற வேண்டியிருந்ததென்றால், அதற்கு வெட்கப்பட வேண்டியது அவன் மட்டுந்தானா? துவக்கத்தில் அவர் வியன்னாவின் ஏற்றுமதிக் கலாசாலையில், வெளிநாட்டு வர்த்தகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு அரசியல் சட்டமும் நிர்வாகச் சட்டமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1919 இல் சர்வகலாசாலைப் பேராசிரியரானார்.

யுத்தத்தில் தோற்று ராஜ்யம் சிதறி, சக்கரவர்த்தியும் ஓடிப்போன பிறகு, ஆஸ்திரியக் குடியரசுக்கு அரசியல் சட்டம் வகுக்கும் வேலை அவரிடம் வந்தது. சட்டசபை செய்யும் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமாயிருந்தால் அதைத் தள்ளிவிட ஒரு தனிக் கோர்ட்டு வேண்டும் என்பதை அவர் அதில் முக்கியமாக வற்புறுத்தினார். இன்று எத்தனையோ தேசங்களில் இருக்கும் அரசியல் சட்டக் கோர்ட்டுகளுக்கு அதுவே வழிகாட்டி. அக்கோர்ட்டில் ஆயுள் வரைக்கும் நீதிபதியாகவும் அமர்ந்தார்.

வினை வந்ததோ கலியாண விஷயத்தில். 1811 ஆம் வருஷத்து ஆஸ்திரியச் சட்டப்படி, தம்பதிகளில் ஒருவர் கத்தோலிக்கராயிருந்தாலும் கலியாணத்தை ரத்து செய்ய முடியாது. பிரிந்து வாழலாம், சாகிற வரையில் மறுமணம் கூடாது. ஆனால் அதே சட்டத்தில், கலியாணத்துக்குள்ள தடைகளை மாகாண அதிகாரி நீக்கலாம் என்று ஒரு சந்தும் இருந்தது. கீழ் ஆஸ்திரியாவின் மாகாணத் தலைவராயிருந்த சமூக ஜனநாயகக் கட்சித் தோழர் ஆல்பெர்ட் செவர் 1919 லும் 1920 லும் அந்தச் சந்தைத் திறந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு மறுமண அனுமதி கொடுத்தார். குருமார் கூக்குரலிட்டார்கள். சாதாரணக் கோர்ட்டுகளோ அக்கலியாணங்கள் செல்லாதென்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தன. மறுமணம் செய்துகொண்டவனே, அவள் மேல் சலிப்புத் தட்டியதும் கோர்ட்டுக்குப் போய், என் கலியாணம் செல்லாது என்று கையை உதறிவிட்டுப் போக வழி பிறந்தது. நடுத்தெருவில் நின்றவர்கள் பெண்களும் குழந்தைகளுந்தான். ஒரே சர்க்கார் ஒரு கையால் அனுமதி கொடுத்து, மறு கையால் அதைக் கிழிப்பதா? அதிகாரி கொடுத்த உத்தரவைத் தள்ள இந்தக் கோர்ட்டுகளுக்கு அதிகாரமில்லை என்று அரசியல் சட்டக் கோர்ட்டு 1927 இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு முன்னின்றவர் கெல்சனே.

(புரோகிதன் இல்லாத கலியாணத்தைக் கோர்ட்டு ஏற்காவிட்டால் வரும் துன்பம் நமக்குப் புதிதல்ல. 1953 இல் சென்னை ஹைகோர்ட்டு ஒரு சுயமரியாதைக் கலியாணத்தைச் செல்லாதென்றது. அண்ணாதுரை மந்திரிசபை 1967 இல் சட்டம் செய்த பிறகே நம்மவர்களின் பழைய கலியாணங்களும் சேர்ந்து செல்லுபடியாயின.)

அவ்வளவுதான், பாதிரிக் கட்சிப் பத்திரிகைகள் பேராசிரியர் மேல் பாய்ந்தன. இருதாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர் என்றும், குடும்பத்தைக் கெடுக்க வந்தவர் என்றும், யூதர் என்றும் வசை பொழிந்தார்கள். தீர்ப்பை வாதத்தால் வெல்ல முடியாதவர்கள் கோர்ட்டையே கலைத்தார்கள். 1929 இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தங்களுக்கு வேண்டியவர்களைப் போட்டுக்கொண்டார்கள். சமூக ஜனநாயகக் கட்சியார் தங்கள் பங்கில் ஓரிடம் தருகிறோம் என்றபோது, கட்சி தயவில் நீதிபதியாயிருக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டு, 1930 இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போனார் கெல்சன்.

அங்கே ஹிட்லர் வந்தான். 1933 ஏப்ரலில் வேலை போயிற்று. ஞானஸ்நானம் பெற்றும் என்ன பிரயோசனம்? பிறப்பைப் பார்க்கிறவன் தலையில் தெளித்த தண்ணீரைப் பார்ப்பானா? சட்டத்துறைச் சகாக்கள் அவருக்காக விண்ணப்பம் எழுதினார்கள். கையெழுத்துப் போட மறுத்தவர் கார்ல் ஷ்மித் என்ற ஒரே பெரிய மனிதர். அவர் பிறகு நாஜிகளின் சட்ட பண்டிதரானார். கெல்சன் ஜெனீவாவுக்குப் போய் சர்வதேசச் சட்டம் போதித்தார். 1936 இல் பிறந்த ஊரான பிராகில் பாடம் சொல்லப் போனால், ஹிட்லர் பக்தர்களான மாணவர்கள் கலகம் செய்தார்கள். போலீஸ் காவலோடு வகுப்பு நடத்த வேண்டியதாயிற்று. 1940 இல் அமெரிக்கா சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. பெர்க்லியில் 1945 இல்தான் பேராசிரியர் பதவி உறுதியாயிற்று.

அவருடைய தத்துவத்தில் நமக்குச் சம்மதமானது ஒன்றுண்டு, சம்மதமில்லாததும் ஒன்றுண்டு. உலகத்துக்குப் பின்னால் ஓர் ஆளைக் கற்பித்து அதைக் கடவுள் என்கிறார்கள். அதேபோலச் சட்டங்களின் கூட்டத்துக்குப் பின்னால் ஓர் ஆளைக் கற்பித்து, ராஜ்யம் என்று பெயரிட்டுக் கும்பிடுகிறார்கள் என்று அவர் விளக்கினார். இதைவிடத் தெளிவாக நாமும் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் வேறு, நியாயம் வேறு. அநியாயச் சட்டமும் சட்டமே என்கிறார். அதற்கு அடங்கித்தான் ஆகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்பது மெய். ஆயினும் தெருவில் நடக்காதே, குளத்தில் இறங்காதே என்ற கட்டளைகளையெல்லாம் முதுகில் சுமந்தவர்களுக்கு அப்பேச்சு அவ்வளவு சுலபமாக ஜீரணமாகாது.

இன்னொரு சங்கதியையும் மறைப்பதற்கில்லை. ஆஸ்திரியாவின் பெரும்பகுதியில் கத்தோலிக்கருக்கு விவாகரத்து உரிமை வந்தது 1938 இல், அதுவும் நாஜிகள் செய்த சட்டத்தால். குருமாரின் பிடிவாதம் அந்த நல்ல பேரைக்கூடக் கொலைகாரர்களுக்கு வாங்கிக் கொடுத்தது.

கெல்சனை விரட்டியவர்களின் வாரிசுகள் 1934 இல் சட்டசபையை ஒழித்து ஒரு புது அரசியல் சட்டம் போட்டார்கள். சகல சட்டமும் சர்வவல்லமையுள்ள கடவுளிடமிருந்தே வருகிறதென்று அதன் தலைப்பில் எழுதினார்கள். கடவுள் கொடுத்த அச்சட்டம் நாலு வருஷம் நின்றது. ஹிட்லர் வந்ததும் பறந்துபோயிற்று. 1945 இல் ஆஸ்திரியர் கெல்சனின் பழைய சட்டத்தையே மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அவரோ நிரந்தரமாக ஊர் திரும்பவில்லை; 1973 இல் கலிபோர்னியாவில் காலமானார். ஆஸ்திரியாவில் சட்டம் ஜனங்களிடமிருந்து பிறக்கிறது என்ற அந்த முதல் பிரிவு இன்றும் அங்கே அமலில் இருக்கிறது.