பதினோராம் வகுப்பைப் பலியிடாதே!

இயக்கம், விசை, வேலை, ஆற்றல் - மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்பு இயற்பியலில் கற்பிக்கப்படும் பாடங்கள் இவை. பெரியவர்கள் பௌதிகம் என்று சொன்ன சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமே இதுதான்.

இது மேதாவிகள் விவகாரம் என்று உழைப்பாளி ஒதுங்க வேண்டாம். ஏற்றம் மிதித்த விவசாயியும், கடப்பாரையால் பாரத்தைப் புரட்டிய துறைமுகத் தொழிலாளியும் நெம்புகோலைக் கையாண்டவர்களே. நான்கு கயிறு தாங்கும் கப்பியில், உராய்வை ஒதுக்கிவிட்டால், 100 கிலோ மூட்டையை 25 கிலோ இழுவையில் தூக்கலாம். ஆனால் மூட்டை ஒரு மீட்டர் ஏற 4 மீட்டர் கயிறு இழுத்தாக வேண்டும். கப்பி விசையை மிச்சப்படுத்தும், வேலையை மிச்சப்படுத்தாது.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு ஓடும் லாரியைப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் 4 மீட்டரில் நிற்கும் லாரி, 40 கிலோமீட்டர் வேகத்தில் 8 மீட்டரில் நிற்காது; 16 மீட்டர் ஓடித்தான் நிற்கும். வேகம் இரு மடங்கானால் ஆபத்து நான்கு மடங்கு! ட்ரிப் கணக்கைக் காட்டி ஓட்டுநரை விரட்டுவது எத்தகைய கொடுமை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இந்தப் பாடத்துக்குத்தான் இன்று ஆபத்து. பதினோராம் வகுப்பைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைப்பது சில தனியார் பள்ளிகளின் வழக்கம். அதைத் தடுக்கவே 2017-18ல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 முதல் அது கைவிடப்பட்டது. பிள்ளைகளின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது. அதற்காக நாம் வருந்தவில்லை. ஆனால் பரீட்சையோடு பாடமும் போய்விடக் கூடாது!

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் பதினோராம் வகுப்புப் பாடமும் கேட்கப்படுகிறது. வசதி படைத்தவன் பயிற்சி மையத்தில் அதை விலைக்கு வாங்குவான். மில் தொழிலாளியின் மகளும் கூலி விவசாயியின் மகனும் எங்கே போவார்கள்?

எனவே சர்க்காரைக் கோருகிறோம்: அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் காலியாக உள்ள இயற்பியல் ஆசிரியர் இடங்களை உடனே நிரப்பு! ஆய்வுக்கூடங்களைப் பூட்டி வைக்காதே! பாடத்தைத் தாண்டும் தனியார் பள்ளிகள் மீது நடவடிக்கை எடு!

பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். "எங்கள் பிள்ளை ஊசலையும் சுருள்வில்லையும் கையால் தொட்டுச் சோதனை செய்ததா?" என்று கேளுங்கள். சங்கக் கிளைகள் உங்கள் பின்னால் நிற்கட்டும்.

பாரம் சுமந்த வர்க்கத்தின் பிள்ளைகள் பாரத்தின் விதியையும் கற்கட்டும்!