கோப்புறையைத் திறந்து பார்ப்போம்

பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு ஆய்வுக்கூட வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது. “கோப்பை எங்கே சேமித்தாய்?” “டவுன்லோடுல இருக்கும்.” “அங்கே இல்லையே?” “அப்ப தேடித்தான் பார்க்கணும்.” இப்படிப் பதில் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். காணொளியை அழகாகத் தொகுப்பார்கள், கைப்பேசியில் எந்தச் செயலியையும் ஐந்தே நிமிடத்தில் பழகிக்கொள்வார்கள். ஆனால், ஒரு கோப்பு வன்தட்டில் குறிப்பிட்ட ஓரிடத்தில் இருக்கிறது, அந்த இடத்துக்கு ஒரு முகவரி உண்டு என்ற எண்ணமே அவர்களுக்குப் பழக்கமில்லை.

அது அவர்கள் குற்றமும் அன்று. 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் சிங்கப்பூரின் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எல்லார் கைக்கும் ஆளுக்கொரு கற்றல் சாதனம் வந்துவிட்டது. நல்ல திட்டம், வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கு அது பெரிய வரம். ஆனால், ஐபேடும் குரோம்புக்கும் கோப்புறைகளைக் கண்ணில் காட்டாமல் வேலையை முடித்துத் தருவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. எல்லாம் ஏதோ ஒரு மேகத்தில் இருக்கிறது. பெயரைத் தட்டினால் வருகிறது. வராத நாளில்தான் சிக்கல்.

இந்தக் குறைக்கு நான் பரிந்துரைக்கும் மருந்து கொஞ்சம் விநோதமானது. போர் விமானப் பாவனை விளையாட்டு ஒன்றுக்கு மாட் மேனேஜர் நிறுவிப் பாருங்கள்.

மாட் என்றதும் என் பாட்டி “எந்த மாடு?” என்று கேட்டார். உங்கள் வீட்டிலும் கேட்கக்கூடும் என்பதால் விளக்கிவிடுகிறேன். ஒரு விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அல்லாமல், அதை விளையாடுபவர்களே செய்து சேர்க்கும் மாற்றம்தான் மாட். புதிய விமானம், புதிய வண்ணப்பூச்சு, வேறு இயந்திர ஒலி என எதுவாகவும் இருக்கலாம். அவற்றை ஒழுங்காகப் போடவும் கழற்றவும் உதவும் சிறிய மென்பொருள் மாட் மேனேஜர்.

நான் பேசுவது ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் டிசிஎஸ் வேர்ல்டு பற்றி. அடிப்படை விளையாட்டு இலவசம். அதனுடன் சு-25டி, டிஎஃப்-51டி என்ற இரண்டு விமானங்கள் வரும். மற்ற விமானங்களில் பெரும்பாலானவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால், ஏ-4இ ஸ்கைஹாக் என்ற விமானத்தைத் தன்னார்வலர்கள் சிலர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கி, இலவச மாட்டாக வெளியிட்டிருக்கிறார்கள். விமானி அறையின் விசைகளும் வேலை செய்யும் அளவுக்கு நேர்த்தி.

ஸ்கைஹாக் நமக்கு அந்நியமான பெயர் இல்லை. சிங்கப்பூர் ஆகாயப் படை 1970களில் அமெரிக்கக் கடற்படையின் பழைய ஸ்கைஹாக்குகளை வாங்கியது. 1980களில் பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டு எஃப்404 இயந்திரத்தைப் பொருத்தி, ‘சூப்பர் ஸ்கைஹாக்’ என்ற புதுப் பிறவி கொடுத்தது. 2005 வரை அவை முன்வரிசைச் சேவையில் இருந்தன. மலேசியாவும் 1980களில் குவாந்தானிலிருந்து ஸ்கைஹாக்குகளைப் பறக்கவிட்டது. அவற்றின் பெயரிலிருந்த பிடிஎம் என்ற மூன்றெழுத்துக்கு ‘மலேசியாவுக்கே உரியது’ என்று பொருள். யோசித்துப் பார்த்தால் இரண்டுமே நிஜ விமானத்துக்குப் போட்ட மாட்தான்.

இனி நிறுவும் வேலைக்கு வருவோம்.

இறக்கிய ஸிப் கோப்பை விரித்ததும் முதல் கேள்வி எழுகிறது: இதை எங்கே போடுவது? டிசிஎஸ் ஒரு கணினியில் இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒன்று, விளையாட்டு நிறுவப்பட்டுள்ள முதன்மைக் கோப்புறை. இன்னொன்று, விண்டோஸ் உங்கள் பெயரில் வைத்திருக்கும் பயனர் கோப்புறைக்குள் ‘சேவ்டு கேம்ஸ்’ என்பதன் கீழ் உள்ள டிசிஎஸ் கோப்புறை. முதலாவது நிறுவனத்தின் சொத்து, இரண்டாவது உங்களுடையது. உங்கள் விசை அமைப்புகளும் நீங்கள் உருவாக்கிய பயணங்களும் அங்கேதான் இருக்கும். ஸ்கைஹாக் போன்ற மாட் விமானங்களும் அங்கேதான் போக வேண்டும்: ‘மாட்ஸ்’ கோப்புறைக்குள் ‘ஏர்கிராஃப்ட்’, அதற்குள் விமானத்தின் கோப்புறை.

பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஸிப் கோப்பை விரிக்கும்போது விண்டோஸ் அதே பெயரில் இன்னொரு கோப்புறையை உண்டாக்கி, உள்ளடக்கத்தை அதற்குள் வைத்துவிடும். பெட்டிக்குள் பெட்டி. விளையாட்டோ ஒவ்வொரு விமானக் கோப்புறையின் வாசலிலும் ‘என்ட்ரி.லுவா’ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. ஒரு படி உள்ளே தள்ளி இருந்தால் அதன் கண்ணில் படாது. பிழைச் செய்தி எதுவும் வராது, விமானமும் வராது. “மாட் கெட்டுப்போச்சு” என்று முடிவுகட்டி மறுபடி இறக்குபவர்கள் உண்டு. கோப்புறையைத் திறந்து பார்த்தால் அரை நிமிடத்தில் தீரும் பிரச்சினை இது.

விமானம் முழுக்கப் புதிய பொருள் என்பதால் அது எதையும் அழிப்பதில்லை. ஒலி, மேகம், விமானி அறையின் எழுத்துகள் போன்றவற்றை மாற்றும் மாட்டுகள் வேறு இனம். அவற்றில் பல, முதன்மைக் கோப்புறையில் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் பெயரிலேயே வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கையால் நகலெடுத்து ஒட்டினால் பழைய கோப்பு போனது போனதுதான். “மாற்றவா?” என்று விண்டோஸ் கேட்கும், நாமும் ‘ஆம்’ என்போம். அடுத்த மாதம் விளையாட்டு பாதியில் நின்றுபோனால், மாற்றிய நாற்பது கோப்புகளில் எது காரணம் என்று கண்டுபிடிக்க எந்தக் குறிப்பும் இருக்காது.

ஓவிஜிஎம்இ போன்ற மேனேஜர் இங்கேதான் உதவுகிறது. அதற்கு மூன்று இடங்களைக் காட்டச் சொல்லும்: மாட்டுகள் போய்ச் சேர வேண்டிய இடம், மாட்டுகளை நீங்கள் சேர்த்து வைக்கும் இடம், காப்பு நகல் இருக்க வேண்டிய இடம். டிசிஎஸ்ஸுக்கு இரண்டு வீடுகள் என்பதால், முதன்மைக் கோப்புறைக்கு ஒன்றும் சேவ்டு கேம்ஸுக்கு ஒன்றுமாக இரண்டு அமைப்புகள் உருவாக்குவது நல்லது. பிறகு ஒரு மாட்டை இயக்கினால், மேனேஜர் முதலில் அது தொடப்போகும் மூலக் கோப்புகளைக் காப்பு இடத்துக்கு எடுத்து வைக்கும், அப்புறம்தான் புதியதைப் போடும். அணைத்தால் போட்டதை எடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பி வைக்கும்.

தேசிய சேவைக் காலத்தில் தெங்கா விமானத் தளத்தில் பராமரிப்புப் பணியில் இருந்த என் மாமாவிடம் இதைச் சொன்னேன். “என்னம்மா, எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கிறதுக்கு ஒரு சாப்ட்வேரா?” என்று சிரித்தார். பிறகு அவரே அங்குள்ள கருவிப் பலகையைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவம் வரைந்த ஓர் இடம். வேலை முடிந்ததும் எல்லா இடமும் நிரம்பியிருக்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தாலும் விமானம் கிளம்பாது, ஏனென்றால் அந்த ஸ்பேனர் இயந்திரத்துக்குள் கிடக்கலாம். மேனேஜர் வைத்திருக்கும் பட்டியலும் இதே வேலையைத்தான் செய்கிறது என்றதும் மாமா சிரிப்பதை நிறுத்தினார்.

மேனேஜர் இருந்தால் மட்டும் போதாது. அது எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிய வேண்டும். புதுப்பிப்பு வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒலி மாட் இயங்கிக்கொண்டிருக்கிறது. மூலக் கோப்பு காப்பு இடத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் நிறுவனம் புதுப்பிப்பை அனுப்புகிறது. அது அதே கோப்பின் புதிய பதிப்பை மாட்டின் மேலேயே எழுதிவிடுகிறது. மேனேஜருக்கு இது தெரியாது. மறுநாள் நீங்கள் மாட்டை அணைக்கிறீர்கள். மேனேஜர் கடமை தவறாமல் காப்பு நகலைத் திருப்பி வைக்கிறது. ஆனால், அது போன மாதத்து நகல். புதிய விளையாட்டுக்கு நடுவே பழைய கோப்பு ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. யாரும் தவறான பொத்தானை அழுத்தவில்லை, எல்லா மென்பொருளும் சொன்னதைச் செய்தன, ஆனாலும் விளையாட்டு உடைந்துவிட்டது.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் புதுப்பிப்புக்கு முன் முதன்மைக் கோப்புறையைத் தொடும் எல்லா மாட்டுகளையும் அணைப்பார்கள். புதுப்பித்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். தவறிவிட்டால் பழுதுபார்க்கும் கருவி ஒன்றும் டிசிஎஸ்ஸிலேயே உண்டு. ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும். வரைபடங்கள் சேரச் சேர இந்த விளையாட்டு நூற்றுக்கணக்கான கிகாபைட் அளவுக்கு வளர்ந்துவிடும் என்பதால், முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி இறக்குவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

இணையத்தில் மற்றவர்களுடன் விளையாடும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. பல சர்வர்கள் உங்கள் கோப்புகள் மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதித்த பிறகே உள்ளே விடும். நியாயமான ஏற்பாடுதான், எதிரி விமானத்தைப் பளிச்சென்று காட்டும் மாட்டை ஒருவர் போட்டுக்கொண்டு வந்தால் மற்றவர்களுக்கு அது போட்டியே இல்லை. 2001இல் வெளிவந்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக் விளையாட்டு வரிசையின் கோப்புகளை 2007வாக்கில் ஆர்வலர்கள் உடைத்துத் திறந்தபோது, மாட்டுகளால் ஏமாற்று வேலை பெருகிவிடும் என்று விளையாட்டாளர்களே இரு அணியாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். மேனேஜர் வைத்திருப்பவர் சர்வருக்குள் போகும் முன் மாட்டை அணைத்துவிட்டுப் போவார். கையால் நகலெடுத்தவர் வாசலிலேயே நிற்பார்.

பெற்றோர் கேட்கும் இரண்டு கேள்விகளில் ஒன்று நியாயமானது. முகம் தெரியாதவர் செய்த கோப்பை இறக்கினால் தீங்குநிரல் வராதா? வரலாம். மேனேஜர் கோப்புகளை இடம் மாற்றுமே தவிர, அவை நல்லவையா என்று பார்க்காது. ஆனால், உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு வித்தியாசம் கண்ணில் படும். விமானத்தின் வண்ணப்பூச்சு மாட் என்றால் அதற்குள் படக்கோப்புகளும் அவற்றை விவரிக்கும் ஒரு சிறு லுவா கோப்பும் இருந்தால் போதும். அதற்குள் தானாக இயங்கும் நிரல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அந்த ஸிப்பை அப்படியே அழித்துவிடுங்கள். ஸ்கைஹாக் போன்ற முழு விமானத்துக்குள் நிரல்கோப்பு இருப்பது இயல்பு. அங்கே செய்தவர்கள் யார், எத்தனை காலமாகச் செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ‘ஒரே சொடுக்கில் எல்லாம்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவல் கோப்புகளை நான் தொடுவதே இல்லை. பள்ளி தந்த சாதனத்தில் இவை எதுவும் வேண்டாம்; அது பள்ளியின் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள்.

இன்னொரு கேள்வி, விளையாட்டுக்கு இவ்வளவு நேரமா என்பது. இதே நேரத்தில் பிள்ளைகள் நகர்த்திக்கொண்டே போகும் குறுங்காணொளிகளைப் பற்றிக் கேட்டால் நானும் சேர்ந்து கேட்பேன். இங்கே ஒரு மாணவர் வழிகாட்டிக் குறிப்பைப் படிக்கிறார், முகவரியைச் சரிபார்க்கிறார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்கிறார். பிற்காலத்தில் நிரல் எழுதப் போகிறவருக்கு மட்டும் இந்தப் பழக்கம் உதவும் என்பதில்லை. ஆய்வுத் தரவை வைத்திருக்கும் உயிரியல் மாணவருக்கும், ஒரே கட்டுரையின் ஏழு பதிப்புகளை ‘இறுதி’, ‘இறுதி2’, ‘உண்மையான இறுதி’ என்று பெயரிட்டு வைத்திருக்கும் நம் எல்லாருக்கும் அது தேவை.

போர் விளையாட்டு பிடிக்காதவர்களும், அதை ஓட்டும் அளவுக்குச் சக்திவாய்ந்த கணினி இல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. ஜேஎஸ்ஜிஎம்இ என்ற பழைய, மிகச் சிறிய மேனேஜர் எந்த விளையாட்டுக்கும் கட்டுப்பட்டதன்று. எந்தக் கோப்புறையிலும் வேலை செய்யும். கணினி மன்றத்தை இணைப்பாட நடவடிக்கையாக நடத்தும் பள்ளிகள் ஒரு பிற்பகல் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு வெற்றுக் கோப்புறையில் மூன்று எழுத்துக் கோப்புகளை வையுங்கள். இரண்டு மாட்டுகளை மாணவர்களே செய்யட்டும். இரண்டும் ஒரே கோப்பை மாற்றுவதாக இருக்கட்டும். முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதைப் போடும்போது, இந்தக் கோப்பை இன்னொரு மாட் ஏற்கெனவே மாற்றியிருக்கிறது என்று எச்சரிக்கை வரும். தொடரச் சொல்லுங்கள். காப்புக் கோப்புறையைத் திறந்து, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். கடைசியில் போட்டதை முதலில் கழற்ற வேண்டும் என்பதை யாரும் சொல்லாமல் அவர்களே கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் பிற்பகலில் நேரம் மிச்சமிருந்தால், ஸ்கைஹாக்கின் வாலில் நம் ஆகாயப் படையின் சின்னத்தை வரைந்து பார்க்கலாம். அதற்கு ஒரு படக்கோப்பும் சில வரிகளும்தான் வேண்டும்.