ஙகரம் கற்பித்த நகரம்

புலம்பெயர்ந்து ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்த எம்மவர் தமது முதல் வார இறுதியை எவ்வாறு கழித்தனர் என்று பெற்றோர் சிலரிடம் அண்மையில் வினவினோம். பெரும்பாலோர் கூறிய விடை ஒன்றே. சனிக்கிழமை சண்ட்ரிங்கம் கடைகளுக்குச் சென்று அரிசி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை வாங்கினர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கும் உறவினருக்கும் தொலைபேசியிற் பேசினர். இதனை நாம் குறைகூறவில்லை. கறிவேப்பிலையின்றிக் குடிபுகுதல் எங்ஙனம்? ஆயினும் அவ்விரு நாட்களில் அரை நாளையேனும் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் சென்று புதிய நகரை நடந்து பார்ப்பதற்கும், அதன் இடப்பெயர்களை அம்மண்ணுக்குரியோர் உச்சரிக்கும் வண்ணம் கற்பதற்கும் ஒதுக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து. பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களுட் பலர் பத்தாண்டு கடந்தும் பார்க்கவில்லை.

இக்கருத்து நூலிற் படித்துப் பெற்றதன்று. 2013 ஆம் ஆண்டு, மங்கரி என்று நாம் அந்நாளிற் சொல்லிவந்த இடத்திலுள்ள அகதிகள் மீள்குடியேற்ற நிலையத்தில் ஆறு வாரங்கள் தங்கியபின், மவுண்ட் றொஸ்கிலில் ஒரு வாடகை வீட்டிற் குடியேறினோம். அந்தச் சனிக்கிழமை முழுவதும் யன்னற் சீலையை நாம் விலக்கவேயில்லை. ஞாயிறு காலை, அப்போது எட்டு வயதினளான மூத்த மகள், "அப்பா, வெளியில போறதெண்டா ஆரிட்டக் கேக்கவேணும்?" என்றாள். முட்கம்பி வேலிக்குள்ளும் பின்னர் அயல்நாடொன்றின் தடுப்பு நிலையத்திலும் வளர்ந்த பிள்ளை வேறென்ன கேட்கும்? எவரிடமும் கேட்கத் தேவையில்லை என்று கூறிவிட்டு, குடும்பத்தின் ஆவணங்கள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே புறப்பட்டோம். சோதனைச் சாவடிகள் பழக்கிய பழக்கம் அது.

துணைவியார் கட்டித்தந்த புட்டுப் பொதியுடன் டொமினியன் வீதி வழியாக நடந்து, 196 மீற்றர் உயரமான மவுண்ட் ஈடன் குன்றில் ஏறினோம். நாம் கீரிமலைக்கு அண்மையிற் பிறந்தவர்கள். பெயரில் மலை உண்டு. ஊரில் மலை இல்லை. 1990 இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் வன்னியில் ஆசிரியப் பணியாற்றிய காலத்திலும் மலையேறியதில்லை. ஆதலாற் பிள்ளைகளோடு நாமும் பிள்ளைகளாகவே ஏறினோம். உச்சியில் நின்றபோது இருபுறமும் கடல் தெரிந்தது. யாழ்ப்பாணத்தவர்க்கு இருபுறமும் நீர் தெரிவதைவிட ஆறுதல் வேறில்லை.

அங்கே ஏறத்தாழ 50 மீற்றர் ஆழமான எரிமலை வாய் ஒன்று புல் படர்ந்து கிடக்கின்றது. மகள் அதற்குள் இறங்க ஓடினாள். அருகில் நின்ற மாவோரி முதியவர் ஒருவர் கையுயர்த்தி, "தப்பு" என்றார். அவள் சட்டென நின்றுவிட்டாள். அவர் சொன்னது அவர்தம் மொழியில் 'புனிதமானது, தீண்டலாகாதது' எனப் பொருள்படும் சொல். அவள் விளங்கிக்கொண்டதோ தமிழ். (இவ்வொலியொற்றுமையை வைத்து எவரும் வேர்ச்சொல் ஆராயப் புறப்பட வேண்டாம். நம்மவர்க்கு அந்த ஆசை சற்று அதிகம்.)

இக்குன்றின் பெயர் தெரியுமா என்று அவர் கேட்டார். மவுண்ட் ஈடன் என்றோம். அவர் தலையசைத்து, மௌஙஃபௌ என்று மெதுவாகச் சொன்னார். ஃபௌ எனும் மரத்தின் மலை என்பது பொருள். அச்சொல்லின் நடுவிலே வருவது நமது ஙகரம்! அங்ஙனம், இங்ஙனம் என்பன தவிர இவ்வெழுத்தாற் பயனென்ன என்று மாணவர் ஆண்டுதோறும் எம்மை மடக்குவர். மாவோரி மொழியிலோ அது சொல்லுக்கு முதலிலேயே நிற்கும். ஙா என்பது பன்மையைக் குறிக்கும் முன்னொட்டுச் சொல். ஆங்கிலம் பேசுவோர் தடுமாறும் அவ்வொலி எம் பிள்ளைகளின் நாவில் முதல் முயற்சியிலேயே வந்தது. பின்னர் அவர் எமது ஊரின் பெயரைக் கேட்டார். கீரிமலை என்றோம், மலை என்றால் மௌங, ஆனால் அங்கே மௌங இல்லை என்றும் சொன்னோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபின், சரியாக வரும்வரை நாலைந்து முறை அப்பெயரைச் சொல்லிப் பார்த்தார். எமது ஊரின் பெயரை அவ்வளவு பொறுப்போடு வேற்றினத்தவர் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

சரிவிலே படிபடியாக வெட்டிய தளங்களையும், அவர் முன்னோர் வற்றாளங்கிழங்கைச் சேமித்த குழிகளையும் காட்டினார். ஈடன் என்பதும் ஒக்லாந்து என்பதும் ஒரே மனிதரைக் குறிப்பன என்பதை நாம் பிற்பாடே அறிந்தோம். ஜோர்ஜ் ஈடன் எனும் ஒக்லாந்துப் பிரபு 1836 முதல் 1842 வரை இந்தியாவின் ஆளுநர் நாயகமாக இருந்தவர். ஆளுநர் ஹொப்சன் தம்மை ஆதரித்த அவர் பெயரை 1840 இல் இந்நகருக்கு இட்டார். பிரபுவோ இம்மண்ணை மிதித்ததேயில்லை. கல்கத்தாவில் நின்ற அவரது சிலைதான் 1969 இல் இங்கு வந்து சேர்ந்தது. தாமக்கி மக்கௌரௌ, பலரும் விரும்பிய தாமக்கி, என்ற பெயர் அதற்கெல்லாம் முன்னரே இருந்தது. 2014 இல், மௌஙஃபௌ உட்பட 14 எரிமலைக் குன்றுகளின் உரித்து 13 மாவோரிக் குலங்களுக்குச் சட்டத்தால் மீளளிக்கப்பட்டது. அச்செய்தியை வாசித்த அன்று கீரிமலையை எண்ணாதிருக்க எம்மால் இயலவில்லை.

தமிழே தத்தளிக்கையில் மூன்றாவது மொழியின் பெயர்களையும் பிள்ளைகள் தலையிற் சுமத்துவதா என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். அவர்களது அச்சம் நியாயமானது, விடைதான் வேறு. தமிழ் மணி ஒன்றினை மாவோரி மக்கள் சமையற் கலமாகப் பேணி வைத்திருந்தனர் என்றும், கொலென்சோ அதனைப் பெற்றார் என்றும், இன்று அது வெலிங்டன் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது என்றும் நாம் பெருமையோடு எழுதுகின்றோம். அம்மணியைப் பேணியவர்களின் ஊர்ப் பெயர்களைச் சிதைத்துச் சொல்வது எவ்வகையிற் பொருந்தும்? மேலும், எமது வகுப்பிலேயே மூன்று பிள்ளைகள், பள்ளியில் அழைக்க எளிதாகட்டும் என்று, தம் பெயரின் முதலசையை மட்டும் வைத்துக்கொண்டு மிகுதியை விட்டுவிட்டனர். பெற்றோரும் அதற்கு உடன்பட்டனர். பிறர் பெயரைச் சிரமப்பட்டுச் சொல்லிப் பழகிய பிள்ளை, தன் பெயரை முழுதாகச் சொல்லுமாறு பிறரைக் கேட்கக் கூசாது என்பதை எமது வீட்டிலேயே கண்டோம். மகள் இன்றுவரை தன் பெயரின் ஐந்து எழுத்தில் ஒன்றையும் குறைத்தவளல்லள்.

எனவே ஒரு வேண்டுகோள். புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்தால், முதற் சனிக்கிழமை கடைத்தெருவைக் காட்டுங்கள். ஞாயிறன்று பள்ளியின் மூத்த மாணவர் இருவர் அவர்களைக் குன்றுக்கு அழைத்துச் செல்லட்டும். எமது மகள் சென்ற மாதம், மாஙெரெயிலிருந்து வெளிவந்த ஒரு குடும்பத்தை அவ்வாறு அழைத்துச் சென்றாள். அந்தத் தந்தையின் தோளிலும் ஒரு பை இருந்ததாம். என்ன இருக்கிறதென்று அவள் கேட்கவில்லை.