வீடு விற்கும் முன்…

பாலக்கரையில் அப்பா சம்பாதித்து வாங்கிய வீட்டைச் சீக்கிரம் விற்றாக வேண்டும். தரகர் வைத்துக் கொள்வதா, வேண்டாமா? சகோதரிகளே, அந்த யோசனை பிறகு இருக்கட்டும்!

தரகர் வீடு வாங்க ஆளை அழைத்து வருவார். பாத்தியதையை அவரால் கொண்டுவர முடியுமா? அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் சம பங்கு உண்டு. பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு. "கட்டிக் கொடுத்த பெண்தானே!" என்று டில்லியிலிருக்கும் அக்காவின் கையெழுத்தை விட்டுவிட்டால், வாங்க வந்தவரின் வக்கீல் அங்கேயே நிறுத்திவிடுவார்.

ஆகவே மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் முதலில் சேர்த்து வையுங்கள். அக்காவால் வர முடியாவிட்டால், பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். தரகு எவ்வளவு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்காதீர்கள். 2015 முதல் வருமான வரிச் சட்டம் அதைத் தடுக்கிறது.

காகிதம் சரியாக இருந்தால், தரகர் இல்லாமலும் வீடு விலை போகும். அக்காவின் பங்கையும் மனம் கோணாமல் கொடுத்துவிட்டால், வீடு கை மாறினாலும் அவளுக்குப் பிறந்தகம் நிலைத்திருக்கும்!